வானத்து விளக்கும் ஓடத்து விளக்கும்

ஆண்டின் கடைசி இரவில் பினாங்குத் தலைநகரின் கடற்கரைத் திடலாகிய பாடாங் கோத்தா லாமாவில் கூடும் மக்கள் அனைவரும் ஒரே திசையைத்தான் பார்ப்பர். மணி பன்னிரண்டை நெருங்க நெருங்க முகங்கள் மேல்நோக்கி நிமிரும். குழந்தைகள் தந்தையரின் தோளில் ஏறுவர். முதல் வாணம் சீறி எழுந்து, இருளில் ஒரு கணம் காணாமற்போய், பின்னர்ப் பூவாய் விரியும்போது எழுகின்ற ஆரவாரம் கோர்ன்வாலிஸ் கோட்டையின் மதிலில் மோதித் திரும்பும். அத்தகைய ஓர் இரவில், அத்தனை பெருங்கூட்டத்தில், முதியவர் ஒருவர் மட்டும் தலையைத் தாழ்த்திக் கடல்நீரையே நோக்கிக்கொண்டிருந்தார்.

அவர் பினாங்குப் பெர்ரியில் முப்பது ஆண்டு கயிறு பிடித்தவர். புலாவ் ரீமாவ், புலாவ் அங்சா, புலாவ் உண்டான் என்று தீவுகளின் பெயர் தாங்கிய அந்தப் பழைய கலங்களின் தளத்தில் அவர் நில்லாத மூலை இல்லை. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும்வரை தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே வண்டியும் ஆளும் கடந்து செல்ல அக்கலங்களே வழி. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணையை நாளொன்றுக்குப் பலமுறை குறுக்கே கடந்து கடந்து, இரவில் விளக்குகளைக் கொண்டே கடலைப் படிக்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் கண் ஓய்வு பெறவில்லை.

“தாத்தா, மேலே பாருங்க!” என்று பேரன் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

“நீ பாரு ஐயா. நான் கீழே பாத்துக்கிறேன்” என்றார் அவர்.

அவர் பார்த்தது இதுதான்: வாணவேடிக்கையை அருகிலிருந்து காணும் ஆவலில் சிறு படகுகள் சில கரையை நோக்கி நெருங்கி வந்துகொண்டிருந்தன. சிலவற்றில் விளக்கு இருந்தது. சிலவற்றில் இல்லை. வானில் பூ விரியும்போதெல்லாம் அவை தெரிந்தன. பூ அவிந்தபோது மறைந்தன. அடுத்த பூ விரியும்போது அவை முன்பிருந்த இடத்தில் இல்லை.

கடலில் செல்லும் கலங்களுக்கு விளக்கு என்பது அழகுக்காக ஏற்றப்படுவதன்று. அது ஒரு மொழி. 1972ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி வகுத்து, 1977இல் நடைமுறைக்கு வந்த மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, இரவில் ஓடும் கலத்தின் இடப்புறம் சிவப்பு விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் எரிய வேண்டும். பாய்மர உச்சியிலும் பின்புறத்திலும் வெள்ளை விளக்கு. எதிரே பச்சை மட்டும் தெரிந்தால் அக்கலம் நம் பார்வைக்கு வலப்பக்கமாகச் செல்கிறது. சிவப்பு மட்டும் தெரிந்தால் இடப்பக்கம். இரண்டும் ஒருங்கே தெரிந்தால் அது நம்மை நோக்கியே வருகிறது. எழுத்தறியாத மீனவரும் அறிந்த இலக்கணம் இது. இலக்கணம் கற்பிப்போர் பொறாமைப்படத்தக்க எளிமை இதற்கு உண்டு.

இனி வாணத்தைப் பாருங்கள். சிவப்பு நிறம் ஸ்ட்ரான்சியம் உப்பால் வருவது. பச்சை நிறம் பேரியம் உப்பால் வருவது. வாணக்காரரின் பெட்டியில் இவ்விரு நிறங்களும் தலையாயவை. ஆக, ஓடத்துக்காரன் எந்த இரண்டு நிறங்களை நம்பி இடவலம் அறிகின்றானோ, அதே இரண்டு நிறங்கள் வான் முழுதும் இறைக்கப்பட்டு, நீரிலும் பிரதிபலித்துச் சிதறுகின்றன. கடல் என்னும் ஏட்டின்மேல் அதே எழுத்துகளைத் தாறுமாறாக யாரோ கொட்டியது போல ஆகிறது. அதற்கும் மேலே ஒன்று: இருளுக்குப் பழகிய கண் பேரொளி ஒன்றைக் கண்டபின் மீண்டும் இருளுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம்வரை ஆகலாம். வாணவேடிக்கையோ சில நொடிக்கு ஒருமுறை பேரொளியைக் காட்டுகிறது. படகோட்டியும் மனிதன், அவனும் மேலே பார்க்கின்றான். மேலே சொன்ன விதிகளை வகுத்தவர்கள் இதனை ஓரளவு எண்ணிப் பார்த்திருக்கின்றனர். பாதுகாப்பான வேகம் எதுவென முடிவு செய்யும்போது கரையிலிருந்து வரும் பின்னணி ஒளியையும் கருத்தில் கொள்ள வேண்டுமென்று அவ்விதி கூறுகிறது. கரையொளிக்கே அந்த எச்சரிக்கை என்றால் வானொளிக்கு எவ்வளவு வேண்டும்?

விளக்குகளைப் பற்றிப் பேசும்போது தமிழ் மாணாக்கர்க்கு இளங்கோவடிகள் நினைவுக்கு வராமல் இரார். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், இந்திர விழாவின் முடிவில் புகார் மக்கள் கடலாடச் சென்ற இரவின் விளக்குகளை அடிகள் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகின்றார். பூ விற்போர் விளக்கு, அப்பம் விற்போர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு என்று கடைவிளக்குகளைச் சொல்லி வருகின்றவர், அவற்றோடு கலங்கரை விளக்கத்தையும் மீன்பிடி திமில்களின் விளக்கையும் சேர்த்து எண்ணுகின்றார். உரைகாரர்கள் இப்பட்டியலின் வளத்தைப் போற்றுவர். வகுப்பறையில் நாமும் அவ்வாறே கூறிக் கடந்துவிடுகிறோம். ஆனால் கரை முழுதும் விழா விளக்கு எரிகின்ற இரவிலும் கடலில் ஒரு பரதவன் தன் தொழில் விளக்கோடு இருக்கின்றான் என்பதைக் கவிஞரின் கண் விடவில்லை. விழாவுக்கு வந்தவர் கணக்கில் அவன் சேரமாட்டான். அவனுக்கு அது வேலைநாள்.

முதியவரின் அச்சத்தை வயதானோரின் வீண்கவலை என்று ஒதுக்கிவிடலாமா என்றால், ஆங்காங் நகரத்தார் அவ்வாறு ஒதுக்கமாட்டார்கள். 2012ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சீனத் தேசிய நாள். அன்றிரவு ஒன்பது மணிக்கு விக்டோரியா துறைமுகத்தில் வாணவேடிக்கை. அதனைக் கடலிலிருந்து காண்பதற்காக, மின்சார நிறுவனம் ஒன்றின் ஊழியரும் அவர்தம் குடும்பத்தாருமாக 124 பேர் ‘லாம்மா 4’ என்னும் கலத்தில் ஏறினர். லாம்மா தீவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில், இரவு எட்டு மணி இருபது நிமிட அளவில், எதிரே வந்த பயணிகள் பெர்ரியொன்று அதன்மேல் மோதியது. சில நிமிடங்களுக்குள் கலத்தின் பின்பகுதி நீரில் அமிழ்ந்து முன்பகுதி செங்குத்தாக நின்றது. இறந்தவர் 39 பேர். அவர்களுள் எண்மர் குழந்தைகள். நாற்பதாண்டுக் காலத்தில் அந்நகரம் காணாத கடல்விபத்து அது.

பின்னர் அமைந்த விசாரணை ஆணையம் கண்டவை படிப்போர் நெஞ்சை உறுத்தும். நீர் புகாது தடுக்க வேண்டிய கதவு ஒன்று அக்கலத்தில் பொருத்தப்படவே இல்லை. குழந்தைகளுக்கு ஏற்ற உயிர்காப்பு அங்கி கலத்தில் இல்லை. கலம் சாய்ந்தபோது இருக்கைகள் தளத்திலிருந்து பெயர்ந்து வந்தன. அக்கலம் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டே வந்தது. எனினும் அந்த இல்லாத கதவை எவரும் கண்டு சொல்லவில்லை. இரு கலங்களின் ஓட்டுநரும் பின்னர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர்.

ஆனால் இந்நிகழ்ச்சியில் ஊன்றி நோக்க வேண்டியது வேறொன்று. அன்று வாணம் விடும் இடத்தைச் சுற்றிக் கலங்கள் நுழையாதபடி துறைமுகத்தில் எல்லை வகுத்திருந்தார்கள். அந்த எல்லைக்குள் ஒருவரும் சாகவில்லை. சாவு நேர்ந்தது அங்கிருந்து வெகுதொலைவில், ஒரு தீவின் மறைவில், முதல் வாணம் எழுவதற்கு ஏறத்தாழ நாற்பது நிமிடம் முன்னதாக. காவலரும் காண்போரும் எங்கே நோக்கியிருந்தனரோ, எப்போது நோக்கியிருந்தனரோ, அங்கும் அப்போதும் இடர் வரவில்லை. போகின்ற வழியில் வந்தது.

வாணவேடிக்கையின்போது நீர்வழியை அடைக்க வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் பலர் எண்ணுவது, நெருப்புப்பொறி படகின்மேல் விழும் என்பது ஒன்றையே. அதுவும் மெய்யான இடர்தான். அமெரிக்க நாட்டு விதியொன்று வாணக்குண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு எழுபது அடி வீதம் இடைவெளி வேண்டும் என்கிறது. ஆறங்குலக் குண்டுக்கு 420 அடி. வெடிக்காமல் விழும் குண்டு நீரிலும் கிடக்கலாம் என்பதால் வேடிக்கை முடிந்த பின்னும் உடனே அவ்விடத்தைத் திறந்துவிட மாட்டார்கள். இத்தொலைவை நாடாவால் அளந்துவிடலாம். மிதவைகளைக் கட்டிக் கோடு போடலாம். அளக்க முடிந்ததை ஒழுங்குசெய்வதில் அதிகாரிகளுக்கு எப்போதும் ஒரு நிறைவு உண்டு. ஆயினும் ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டு அதற்கு வெளியே நடப்பதெல்லாம் நம் பொறுப்பன்று என்று இருந்துவிடுவதற்கு ஆங்காங்கின் 39 உயிர்கள் இடங்கொடுப்பதில்லை.

சிட்னித் துறைமுகத்தில் புத்தாண்டு இரவின் தடை நள்ளிரவுக்கு நெடுநேரம் முன்பே, மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. இலண்டனில் தேம்சு ஆற்றின் நடுப்பகுதியை அவ்விரவில் போக்குவரத்துக்கு அடைத்துவிடுகின்றனர். ஆங்காங்கிலும் 2012க்குப் பின் இத்தகைய இரவுகளில் பயணிகளை ஏற்றும் கலங்களில் குழந்தைகள் உயிர்காப்பு அங்கியை அணிந்தே இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பெட்டியில் இருந்தால் போதாது, உடலில் இருக்க வேண்டும். சிறு மாற்றந்தான். கவிழும் கலத்தில் பெட்டியைத் திறக்க நேரம் கிடைக்காது என்பதை அறிந்து செய்த மாற்றம்.

ஆங்காங்கை இவ்வளவு விரித்துச் சொன்னதால் இது அயலார் துன்பம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. திருவிழா நாளில் கடலைக் கடக்க வந்து உயிரிழந்தோர் பினாங்கிலேயே உண்டு. 1988ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்தின் பெருவிழா. தீவில் சீனரின் குவான் யின் ஆலயத்தில் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லப்பட்ட விழா. ஒரு விழாவிலிருந்து திரும்புவோரும் மற்றொரு விழாவுக்குச் செல்வோரும் பட்டர்வொர்த்துப் பெர்ரித் துறையாகிய பெங்காலான் சுல்தான் அப்துல் ஹலிமில் குவிந்தனர். பதினாயிரம் பேர் அளவில் இருந்தனர் என்பர். மாலை நான்கு மணிக்குப் பின், பயணிகள் காத்துநின்ற மேல்தளம் இடிந்து கீழே விழுந்தது. 32 பேர் மாண்டனர்; 1,634 பேர் காயமுற்றனர். கடலில் ஒரு கலமும் கவிழவில்லை. கலத்துக்காகக் காத்திருந்தவர்கள் கரையிலேயே மடிந்தார்கள்.

முதியவருக்கு அன்று பணிமுறை இல்லை. ‘நான் அன்றைக்கு லீவு’ என்பதற்கு மேல் அவர் அந்நாளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வீட்டார் கேட்பதையும் விட்டுவிட்டனர். ஆனால் கூட்டம் கூடுகின்ற எந்த இடத்திலும் அவர் தூணுக்கு அருகில் நிற்பதில்லை, மேல்தளத்துக்கு ஏறுவதில்லை என்பதை மட்டும் பேரன் கண்டுவைத்திருக்கின்றான்.

நீர்வழியை நிறுத்தும் செயல் இங்கேதான் நுட்பமாகிறது. கலங்களை ஒருமணி நேரம் நிறுத்தினால் அந்த ஒருமணி நேரத்து மக்கள் எங்கே போவர்? துறையில் நிற்பர். தடை நீங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் முதற்கலத்தில் ஏற முந்துவர். நீரில் குறைத்த நெருக்கடியைக் கரையில் கூட்டினோம் என்றாகும். ஆகவே ஓடத்தை நிறுத்துகின்றவர் துறையையும் எண்ண வேண்டும்: எத்தனை பேர் தளத்தில் நிற்கலாம், மிகுந்தவரை எவ்விடத்தில் தடுத்து வைப்பது, கடைசிக் கலம் எப்போது என்பதை மக்கள் வீட்டைவிட்டுப் புறப்படுமுன்பே எவ்வாறு தெரிவிப்பது என்பவற்றையெல்லாம். பினாங்கில் பழைய வண்டிப் பெர்ரிகள் 2020ஆம் ஆண்டு முடிவோடு வண்டி ஏற்றுவதை நிறுத்தின. 2023 ஆகஸ்டில் புதிய கலங்கள் வந்தன. கலம் புதிதானாலும் திருவிழாக் கூட்டம் பழையதுதான்.

இதற்கு மறுப்பும் உண்டு. அம்மறுப்பில் நியாயமும் உண்டு. மீனவன் கேட்கின்றான்: ஊரார் கால்மணி நேரம் கண்குளிர்வதற்கு என் ஓரிரவுப் பிழைப்பை ஏன் விட வேண்டும்? மீன் வருவது புத்தாண்டைப் பார்த்தன்று, நீரோட்டத்தைப் பார்த்து. தடையை விதிப்போர் இக்கேள்வியைப் பெரும்பாலும் கேட்டதில்லை. ஏனெனில் கேட்கின்றவன் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதில்லை. துறைமுக அறிவிப்பு பெரிய கப்பல்களுக்குச் சேரும். சிறுபடகுத் துறையில் அது ஒட்டப்படுவது அரிது. ஒட்டப்பட்டாலும் அவன் படிக்கும் மொழியில் இருப்பது அதனினும் அரிது. மலாய், சீனம், தமிழ் மூன்றும் வழங்கும் நீரிணையில் எச்சரிக்கை மூன்று மொழியிலும் வாய்வழியாகவும் செல்ல வேண்டும். எங்கே, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று வரையறுத்துச் சொன்னால் அவன் வலையை வேறிடத்தில் போட்டுக்கொள்வான். காரணம் சொல்லாமல் காவற்படகை அனுப்பி விரட்டினால், அடுத்த ஆண்டு விளக்கை அணைத்துவிட்டு வருவான். விளக்கு அணைந்த படகுதான் அந்த முதியவரை உறங்கவிடாதது.

பிறரிடம் கேட்பதை நாமும் செய்ய வேண்டும். தெலுக் பாஹாங்கில் சிங்கமுகக் காளியம்மனுக்கு மாசிமகத்தன்று கடலில் தெப்பத் திருவிழா. அம்மன் தெப்பமேறிக் கடலுலா வரும் காட்சி கண்கொள்ளாதது. தாயகத்தில் தெப்பம் பெரும்பாலும் குளத்தில் மிதக்கும்; நாற்புறமும் படிக்கட்டு; அலை இல்லை, நீரோட்டம் இல்லை. இங்கு வந்த தமிழர் குளத்து விழாவைக் கடலுக்குக் கொண்டுவந்தனர். அது அவர்தம் துணிவுக்கும் பக்திக்கும் சான்று. ஆனால் குளத்துப் பழக்கத்தை அப்படியே கடலுக்குக் கொண்டுவர இயலாது. அம்மனுக்கு அருகில் போக வேண்டும் என்னும் ஆசை எல்லாருக்கும் உண்டு. சிறு படகில் அளவுக்கு மீறி ஏறுவதும், கைக்குழந்தையோடு விளிம்பில் அமர்வதும் அவ்வாசையால் வருவன. அத்தகைய இடத்தில் ‘இன்னும் இருவர் ஏறலாம்’ என்று அழைப்பவரே நல்லவராகத் தோன்றுவார். ‘போதும், இறங்குங்கள்’ என்று சொல்பவரை எவருக்கும் பிடிக்காது. கோயில் தொண்டருள் அந்தப் பிடிக்காத வேலையை மனமுவந்து ஏற்பவர் எவரோ அவருக்கு முதல் மாலை சூட்டலாம்.

பாடாங் கோத்தா லாமாவில் கடைசி வாணம் எழுந்தபோது பேரன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஒளிக்கும் ஒலிக்கும் இடையே மூன்று நொடியானால் ஒரு கிலோமீட்டர் என்று அவனுக்குப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு எண்ணுவதற்குள் வெடியோசை வந்துவிட்டது. பிறகு புகை தாழ்ந்து நீரின்மேல் படர்ந்தது. மக்கள் தெருவை நோக்கித் திரும்பினர்; வண்டிகளின் ஊதொலி தொடங்கியது. மகனும் மருமகளும் ‘போகலாம் அப்பா’ என்று இருமுறை அழைத்தனர்.

அவர் அசையவில்லை. வேடிக்கை முடிந்த பின்னர்தான் படகுகள் எல்லாம் ஒருங்கே திரும்பும்; ஒளிகண்ட கண்ணோடு, புகைக்குள், வீடு திரும்பும் அவசரத்தோடு திரும்பும். மதிலோரமாகச் சென்று நின்றார். பேரனும் பக்கத்தில் வந்து நின்றான்.

“அதோ, அங்கே என்ன தெரியுது சொல்லு.”

“பச்சை ஒண்ணு தெரியுது தாத்தா.”

“சிவப்பு?”

பையன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “இல்லை. பச்சை மட்டுந்தான்.”

“அப்போ எந்தப் பக்கம் போறான்?”

பையன் தன் இரு கைகளையும் விரித்து, தானே படகாகி நின்று, சிறிது நேரம் எண்ணினான். “வலது பக்கம். பட்டர்வொர்த் பக்கம்.”

“சரி. அடுத்ததைப் பாரு” என்றார் முதியவர்.